முப்பத்தொன்பதும் ஒரு கொசுறும்

அடுகோடியில் அரிசி மண்டி வைத்திருந்த கோவிந்தப்பாவிடம், யுத்தத்துக்கு முந்தைய கார் ஒன்று இருந்தது. ஓசூர் ரோட்டில் இறங்கியதும் அது பின்பக்கத்திலிருந்து ஒப்பாரி வைக்கும். பின் அச்சின் பல்சக்கரங்கள் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும் என்றான், அதே தெருவில் ஒர்க்‌ஷாப் நடத்திய பச்சைமுத்து. அவரிடம் அவன் வேறொன்றும் கேட்டிருந்தான்: அவருடைய மகள் சரசுவை. கோவிந்தப்பா இரண்டையும் ஒன்றாக முடிந்துவைத்தார். கார் வாயை மூடினால் கல்யாணம்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால், இன்ஜினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நடுத்தண்டு எத்தனை சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் மதராஸ் கடைக்கு எழுத முடியும். அச்சைத் திறந்து பல்லை எண்ணுவது எளிது. அவர் திறக்க விடவில்லை.

“மூட்டையப் பிரிக்காமயே உள்ள என்ன அரிசின்னு சொல்றவன் நான். நீ என்ன மெக்கானிக்கு?”

“உங்ககிட்ட குத்தூசி இருக்குது, மாமா.”

“முதலாளின்னு சொல்லு. கார் இன்னும் வாய மூடல.”

ஆகவே பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினார்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஒருவர் பிந்தினாலும் கணக்குக் கெடும். ஒரு பக்கம் பச்சைமுத்து, மறுபக்கம் சரசு. எவரையும் நம்பாத கோவிந்தப்பா, தண்டில் இட்ட சாக்குக்கட்டிக் கோட்டைப் பார்த்து எண்ணக் காரின் அடியில் படுத்தார். சக்கரம் ஒரு சுற்று வந்தது.

“லாபம், ரெண்டு, மூணு, நாலு.” முதல் படியை அவர் ஆயுளில் ஒன்று என்று சொன்னதில்லை. “நாலு. மிச்சம் கொசுறு.”

“மிச்சம் கிட்டத்தட்ட ஒரு முழுச் சுத்து, முதலாளி.”

“தாராளமா இருக்கட்டுமே.”

நான்கு என்று எழுதிப்போட்டால் வேறு பல்சக்கரம் வரும்; ஒப்பாரி ஓயாது; சரசு கிடைக்க மாட்டாள். மிச்சமே வராதபடி அளக்கலாம் என்றான் பச்சைமுத்து. மறுபடி சுற்றினார்கள். சரசுவின் வளையல் ஓசையைக் கேட்டு அவன் கையை நகர்த்தினான். சக்கரம் எட்டாவது சுற்றை முடித்தபோது, கோடு புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

“முப்பத்தொம்போது,” என்றார் கோவிந்தப்பா, அருவருப்போடு. “இப்படி மட்டமா அளந்தா எவன் திரும்ப வருவான்? கொசுறுக்கு இன்னொண்ணு சுத்துங்க.”

“சும்னே எல்லாம் சுத்த மாட்டேம்பா,” என்றாள் சரசு, பாதி கன்னடத்தில்.

பச்சைமுத்துவின் கை சக்கரத்தில் இருந்தது. தண்டை இன்னொரு சுற்றுச் சுற்றினால் நாற்பது, கார் கெட்டது. சுற்றாவிட்டால் அவமரியாதை, கல்யாணம் கெட்டது.

“கொசுறு போடறது விக்கிறவன்தானே, முதலாளி? இங்க நாம வாங்கறவங்க.”

வாங்குகிறவராகத் தம்மை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“அப்ப மதராஸ்காரன்கிட்ட கேட்டு எழுது,” என்றது காரின் அடியிலிருந்து குரல்.

முப்பத்தொன்பதுக்கு எட்டு, கூடவே கொசுறு என்று எழுதிப்போட்டார்கள். மரத்தூள் நிரப்பிய பெட்டியில் பல்சக்கரங்கள் வந்தன. பச்சைமுத்து அவற்றைப் பூட்டியதும் கார் ஓசூர் ரோட்டில் மூச்சுவிடாமல் ஓடியது. கோவிந்தப்பா அதைக் கவனிக்கவே இல்லை. பெட்டியின் அடியில் கிடைத்த ஒரு வாஷரைப் பின்சீட்டில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது எதுக்கு ஆவும்?”

“எதுக்கும் ஆவாது, முதலாளி.”

அவர் முகம் மலர்ந்தது. வாஷரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“மாமான்னு சொல்லு.”