ஒரு கப் மைதா = 125 கி.

சமையல் புத்தகம் கடைக்கு வந்த செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து ஒரு கப் மைதா நூற்று இருபத்தைந்து கிலோ எடை இருந்தது. எல்லா வீட்டிலும் அல்ல. கடைசிப் பக்கத்து அளவு அட்டவணையைக் கிலோ என்று படித்தவர்கள் வீட்டில் மட்டும். மாடிவீட்டு டீச்சர் அளந்துவைத்த கப் தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழ்வீட்டு அடுப்படியில் இறங்கியது. கீழ்வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்து, "மாவு வந்துச்சு டீச்சர், வந்து எடுத்துட்டுப் போங்க" என்று ஓட்டை வழியாகக் குரல் கொடுத்தாள். எடுத்துப்போக நாலு பேர் வேண்டியிருந்தது.

எல்லாம் ஒரு புள்ளி செய்த வேலை. அச்சகத்தில் பிழை திருத்துபவளுக்கு ஒரு 'க்' விட்டுப்போனாலும் சோறு இறங்காது. அதனால் அவளுக்கு ஒற்று என்றே பெயர். இருபத்திரண்டு வருடத்தில் தன் தப்பு என்று எதையும் அவள் ஒப்புக்கொண்டதே கிடையாது. 'சலித்த மைதா மாவு, தலை தட்டி அளந்தது' என்ற பெயரே கட்டத்தை அடைத்துக்கொண்டதால், கிராமைக் 'கி.' என்று சுருக்கியவள் அவள்தான். வெண்ணெய் சின்னச் சொல். அதற்கு மட்டும் 'கிராம்' முழுசாக இடம்பிடித்துவிட்டது.

பேக்கரி வைத்திருந்த அவளுடைய அக்காவும் கிலோ என்றே படித்தாள். மேசை இரண்டாகப் போனது. மூன்றடுக்குக் கேக் ஆர்டரும் போனது. "ஏண்டி, உன்னை நம்பித்தானே அந்தப் புத்தகத்த வாங்கினேன்?" என்று போனில் கத்தினாள்.

"கி.ன்னா கிராம்னு பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்க்கா."

"அப்ப அந்தப் பச்சப்புள்ள வீட்டுக்கே போ. என் கடை வாசல மிதிக்காத."

ஞாயிறுதோறும் அக்கா எடுத்துவைக்கும் கருகின கேக் ஓரம் என்றால் ஒற்றுக்கு உயிர். இரண்டு ஞாயிறு வீம்பில் ஓடின. மூன்றாவது ஞாயிறு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் தன் கையாலேயே துண்டுச்சீட்டு அச்சடித்தாள்: 'கி. என்பது கிராம். தவறு என்னுடையது.' வீடு வீடாகப் போய்ப் புத்தகத்தில் ஒட்டினாள். ஒட்டிய மறுநிமிடம் மாவு ஒழுங்குக்கு வந்தது. டீச்சர் மட்டும், சர்க்கரை கைமாற்ற வசதியாக இருக்கிறது என்று ஓட்டையை அடைக்கவேயில்லை.

பேக்கரிக்குப் போகக் கடைசியாகத்தான் தைரியம் வந்தது. உள்ளே கப் விழுந்த இடத்திலேயே தரையில் பதிந்து கிடந்தது. அக்கா அதிலிருந்து கரண்டி கரண்டியாக அள்ளிக்கொண்டிருந்தாள். அள்ளியது சாதாரண மாவு. எவ்வளவு அள்ளியும் கப் மட்டும் தலை தட்டியபடியே நின்றது. அவள் மாவுக்கடைப் பக்கம் போய் மூன்று வாரமாகிறதாம்.

ஒற்று சீட்டை நீட்டினாள். "தப்பு என்னுதுதான்க்கா."

அக்கா இரண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. "இதைப் புத்தகத்துல ஒட்டிடாத தாயே! சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்கிறேன்" என்றாள். பிறகு அட்டவணையைப் புரட்டி, புது மேசைமேல் அளந்துவைத்திருந்த ஒரு கப் வெண்ணெயைக் காட்டினாள். "அது சரி, இதுக்கு மட்டும் என்ன கேடு? கிராம்னு முழுசா எழுதி வெச்சிருக்க?"

ஒற்று சிவப்புப் பேனாவை எடுத்து, 'ராம்' என்பதை அடித்துவிட்டு ஒரு புள்ளி வைத்தாள். புது மேசையும் இரண்டாகப் போனது. அக்காவும் தங்கையும் தரையில் உட்கார்ந்து, கருகின கேக் ஓரத்தில் வெண்ணெயைத் தடிமனாகத் தடவித் தின்றார்கள்.