மனைவிக்குப் பக்கத்து இடம்

யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் திருச்சபைச் செயலாளருக்குச் சந்தேகம் வந்துவிடும். சபையின் கல்லறைத் தோட்டம் அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே புதிதாக ஒரு குழிக்கும் இடமில்லை. மிச்சம் இருப்பதெல்லாம் குடும்பங்கள் முன்பே பதிந்து வைத்தவை. அப்படியிருக்க, தச்சர் காலையில் வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். தன் மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த இடத்தை, நேற்று இறந்துபோன காவலாளிக்குக் கொடுக்கிறாராம். சாயங்காலம் அடக்கம். செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

“பார்த்துச் சொல்றேன்” என்று கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார் செயலாளர்.

அந்தக் காவலாளி சபைக்கு வந்தே ஆறு மாதம்தான். தச்சருக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பெண்டாட்டி பக்கத்து இடத்தை எவனாவது தூக்கிக் கொடுப்பானா? உள்ளுக்குள் ஏதோ கைமாறியிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

நேராகச் சாவு வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை. காவலாளியின் மனைவி அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் கூச்சநாச்சமில்லாமல் குனிந்து கேட்டார்: “தச்சருக்கு என்னம்மா கொடுத்தீங்க?”

“மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்தேங்க. வாங்கவே மாட்டேன்னுட்டார்.”

மோதிரம் அவள் விரலில்தான் இருந்தது. அதைப் பார்த்தும் அவர் மனம் ஆறவில்லை. மோதிரத்தை வேண்டாம் என்பவன் அதைவிடப் பெரிதாக எதற்கோ அடிபோடுகிறான்.

பட்டறையில் தச்சர் சவப்பெட்டிக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். பெட்டியும் இலவசமாம்.

“உண்மையைச் சொல்லுங்க. இதுல உங்களுக்கு என்ன கிடைக்குது?”

“ஒண்ணும் இல்லீங்க ஐயா. புருஷனை ஊருக்கு வெளியே பொதைக்க அந்தம்மாவுக்கு மனசு வரலீங்க. ஆண்டவரையே இன்னொருத்தர் கல்லறையிலதானே வெச்சாங்க.”

“வேதம் எனக்கும் தெரியும். நாளைக்கு உங்களை எங்க வைக்கிறது?”

“ஊருக்கு வெளியே பொது மயானம் இருக்கே. அவ இருந்தவரைக்கும், ‘கொஞ்சம் தள்ளிப் படுங்க, தள்ளிப் படுங்க’ன்னு உசிரை வாங்குவா. இப்பதான் தள்ளிப் படுக்கப் போறேன்.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இழைப்புளியை வைத்துவிட்டுத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் சட்டைப்பைக்குள் கைவிட்டார். கடிதத்தை எடுத்துப் பலகைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“உங்க குடும்பத்துக்கு எத்தனை இடம் இருக்குங்க ஐயா?”

எதற்குக் கேட்கிறான்? செயலாளர் பழையபடி உஷாரானார். பதிவேட்டில் அவர் பெயரில் ஐந்து இடங்கள் இருந்தன. அதில் மூன்றுக்கு ஆளே இல்லை.

“ரெண்டே ரெண்டுதான். எனக்கும் வீட்டம்மாவுக்கும்.”

தச்சர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை.

“அப்ப யார் வந்து கேட்டாலும் கொடுத்துடாதீங்க ஐயா,” என்றார். “பிரிஞ்சு கிடக்கிறது ரொம்பக் கஷ்டம்.”