எடுத்து வளர்த்த பிள்ளை

“திங்கட்கிழமை கவுன்சிலில பேர் குடுக்க வேணும், அக்கா. பாஸ்போட் தாங்கோ,” என்றாள் புனிதா, மூன்றாவது தடவையாக.

பிரமிளா மீன்குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள். புளி கொஞ்சம் கூடிப்போச்சு என்றாள்.

லண்டன் ஹரோவில் இந்த வீட்டுக்குப் புனிதா வந்து ஆறு வருடம். அதற்கு முன் பத்து வருடம் யாழ்ப்பாணத்தில், பிரமிளாவின் தாய் வீட்டில். அதற்கும் முன் முகாம். சண்டை முடிந்த வருடம், எட்டு வயதில், தாய் தகப்பன் இருவரையும் பறிகொடுத்து முள்ளுக்கம்பிக்குள் நின்றவளைப் பிரமிளாவின் தாய்தான் கூட்டிக்கொண்டு போனார். நீங்கள் நினைக்கிறதுபோல அடி உதை ஒன்றும் கிடையாது. சோறு போட்டார், சட்டை தைத்துக் கொடுத்தார், கையில் விளக்குமாற்றையும் கொடுத்தார். எடுத்து வளர்த்த பிள்ளை என்று ஊர் மெச்சியது. எடுத்து வளர்த்த பிள்ளைக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா? லண்டனுக்கு வந்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்தது.

இப்போது புவனேசன் அவளைக் கலியாணத்துக்குக் கேட்கிறான். ஹவுன்ஸ்லோவில் இருக்கிறான், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. தன் அக்காவின் மகனைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விடுகிறவன், இந்த வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவரும் புனிதாவோடு வாசலில் நின்று பழகிவிட்டான். கவுன்சிலில் கலியாணம் எழுதுவதென்றால் இருவரும் பாஸ்போட்டோடு போய் முன்கூட்டியே பேர் கொடுக்க வேண்டுமாம். புனிதாவின் பாஸ்போட்டோ, அவள் வந்திறங்கிய அன்றிலிருந்து பிரமிளாவின் புருஷன் கார்த்திகேசுவின் அலுமாரியில்.

கார்த்திகேசு அன்று நேரத்தோடு வேலையால் வந்திருந்தார். மகள் தனுஷியாவுக்கு மறுநாள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி. ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்ததையே தமிழில் பேசப் போகிறாள். மூன்று நாளாகச் சட்டி கழுவக் கழுவத் தமிழைத் திருத்திக் கொடுத்தவள் புனிதா. தாயும் தகப்பனும் சோபாவில் இருக்க, பிள்ளை நடுவில் நின்று தொடங்கினாள்.

“பண்டைய ரோமில் அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்? போரில் பிடிபட்டவர்கள் அடிமைகள் ஆனார்கள். கடற்கொள்ளையர் பிடித்து விற்றார்கள். அடிமைத் தாய்க்குப் பிறந்த பிள்ளையும் அடிமை. பெற்றோர் வெளியில் விட்டுப்போன குழந்தைகளைச் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சாப்பாடு கொடுத்தார்கள். வேலை வாங்கினார்கள். இவர்கள்...” பிள்ளை தடுமாறினாள். “புனிதாக்கா, அந்த வேர்ட் என்ன?”

“எடுத்து வளர்த்த பிள்ளைகள்,” என்றாள் புனிதா, கழுவிய சட்டியோடு குசினி வாசலில் நின்று.

“யெஸ். இவர்கள் எடுத்து வளர்த்த பிள்ளைகள்.”

கைதட்டத் தூக்கிய கைகளைக் கார்த்திகேசு மடியில் வைத்துக்கொண்டார்.

“அந்தச் சொல்லை மாத்து,” என்றாள் பிரமிளா.

“வொய், அம்மா? புனிதாக்கா அதுதான் சரியான தமிழ் எண்டவ.”

கார்த்திகேசு எழுந்து மேலே போனார். இறங்கி வந்து பாஸ்போட்டைப் புனிதாவிடம் நீட்டினார். இவ்வளவு சுலபமாகவா? ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கி விரித்தாள். ஆறு மாத விசிட் விசா. முடிந்து ஐந்தரை வருடம். ஒவ்வொரு வருடமும், விசாவெல்லாம் புதுப்பிச்சாச்சு, நீ யோசிக்காதை என்று சொன்னது இதே கார்த்திகேசு அண்ணைதான். அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்தார்.

பிரமிளாவின் குரல் இதமாகவே வந்தது. “இதைக் கொண்டு எங்க போவாய், பிள்ளை? வெளிக்கிட்டால் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள். இஞ்ச எண்டால் பயமில்லை.”

அக்கா சொன்னது பொய்யில்லை; பிடிக்கவும் கூடும். புனிதா பாஸ்போட்டை இறுகப் பிடித்தபடி கதவடிக்குப் போய்க் காலில் சப்பாத்தைப் போட்டாள்.

“ஆரிட்டப் போறாய்?” என்றாள் பிரமிளா.

“புவனேசன் வருவார். பிறகு ரெண்டு பேருமாப் போய், இதுகளை விசாரிக்கிற ஆக்களிட்டச் சொல்லப்போறம். எத்தினை வருசம் இருந்தனான், என்ன வேலை செய்தனான் எண்டு.”

பிரமிளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, அவள் அதை மனதார நம்பியிருந்தவள்.

“உன்னை எங்கட வீட்டுப் பிள்ளையா எல்லே வளர்த்தனாங்கள்?”

“ஓம் அக்கா,” என்றாள் புனிதா, கதவைத் திறந்துகொண்டு. “அதையும் சொல்லுறன்.”