எடைமேடைக்குப் பக்கத்து அறை

கலைச்செல்வன் செந்துறையிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிறவர். அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்டு ஆலையில், மூட்டை கட்டும் பகுதியில் இருபத்திரண்டு வருட வேலை. ஆறு வருடமாகச் சங்கச் செயலாளர். நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் பிடிப்பார். ஆலைக்குள் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது. சுவரில் பலகையும் இருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று பற்றவைத்தாலும் யாரும் கேட்டதில்லை.

ஆடி மாதம் வந்து சேர்ந்த புது மேலாளர் கேட்கத் தொடங்கினார். அடுத்த மாதத்திலிருந்து ஆலை கேட்டுக்குள் எங்கே புகைத்தாலும் ஒருநாள் சஸ்பெண்டு என்று அறிவிப்பு ஒட்டினார். ஆட்கள் கொதித்துப்போனார்கள். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாட்டு வேளை தவிர அவர்கள் மூச்சு விடுவதே 'ஒரு தம் அடிச்சிட்டு வரேன்' என்று போகிற பத்து நிமிடத்தில்தான். அது போய்விடுமே என்ற ஆத்திரம் எல்லார் முகத்திலும் தெரிந்தது.

அந்த வாரமே சென்னையிலிருந்து ஒருவர் சங்க ஆபீசுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு. பணியிட நல்லுறவு மன்றம் என்ற அமைப்பிலிருந்து வருவதாகச் சொன்னார். புகைப்பதும் புகைக்காததும் தனி மனிதரின் உரிமை, அதில் நிர்வாகம் தலையிடுவது தொழிலாளியை அவமதிப்பது என்றார். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை மன்றமே இலவசமாகத் தரும், ஓய்வறை என்று பெயர் வைத்துவிட்டால் சட்டமும் குறுக்கே வராது என்றார். சங்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த ஓய்வறையில் புகைக்க அனுமதி கேட்டுக் கலெக்டருக்கும் தொழிலாளர் துறைக்கும் ஒரு மனு. அதையும் அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

உரிமை என்ற சொல் கலைச்செல்வனுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு நாளில், லாரிகளை எடை போடும் எடைமேடைக்குப் பக்கத்தில் லாரி டிரைவர்கள் காத்திருக்கும் அறையில் இயந்திரம் உட்கார்ந்தது. ஆட்கள் கொதிப்பதைப் பார்த்து, இரண்டு வாரச் சோதனை என்று மேலாளரும் ஒப்புக்கொண்டார்.

எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள் பூங்குழலி. அவளுடைய அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான். நான்காம் நாள் அவள் கலைச்செல்வனைத் தேடி வந்து, கண் எரிகிறது, தொண்டை கட்டுகிறது என்றாள். இயந்திரம் ஓடுகிறதே என்றார் அவர். ஓடுகிறது, ஆனால் நாற்றத்தைத்தான் எடுக்கிறது, புகையை எடுப்பதாகத் தெரியவில்லை என்றாள். அவருக்கு எரிச்சலாக இருந்தது. நிர்வாகம் இவளை ஏவிவிட்டிருக்குமோ என்றுகூட நினைத்தார்.

"நான் சொல்றத நம்ப வேணாம்ணே. நம்மகிட்டதான் தூசி அளக்குற மிஷின் இருக்குல்ல, வச்சுப் பாத்துடலாம்" என்றாள்.

அது நியாயமாகப் பட்டது. சிமெண்டு ஆலையில் தூசி அளக்கும் கருவிக்கா பஞ்சம்? ஆய்வகத்தில் வேலை செய்யும் லப்பைக்குடிக்காடு ஊர்க்காரன் அப்துல் ஹாதி, கையடக்கமான கருவி ஒன்றை எடுத்து வந்தான். முதலில் மூட்டை கட்டும் பகுதியில் வைத்தார்கள். முகமூடி இல்லாமல் போனால் அபராதம் போடுகிற இடம் அது. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசி நூற்றெண்பது மைக்ரோகிராம் என்று காட்டியது. பிறகு ஓய்வறையில் வைத்தார்கள். ஏழு பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எண் முந்நூறைத் தாண்டி நானூற்றுப் பத்தில் போய் நின்றது. ஹாதி கருவியை அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தான். நானூறுக்குக் கீழே இறங்கவில்லை.

டிரைவர் ஒருவர் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பீடியைக் கீழே போட்டு மிதித்து அணைத்தார்.

அன்று மாலை பஸ்ஸில் கலைச்செல்வன், இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த மனுவை முதல்முறையாக முழுதாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் 'எங்கள் காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில்' என்று இருந்தது. இரண்டு முறை படித்தார். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் சங்கம் பார்க்கும் மரிய ஆல்பர்ட்டை அவருக்குத் தெரியும். இறங்கியதும் போன் போட்டார். ஆல்பர்ட் சிரித்தார். அதே ஆள், அதே இயந்திரம் அங்கேயும் வந்ததாகவும், பணம் யாருடையது என்று விடாமல் கேட்டபோது சிகரெட் கம்பெனிகள்தான் தருகின்றன என்று அந்த ஆள் ஒப்புக்கொண்டதாகவும் சொன்னார். ஆலைகளில் புகைப்பது நின்றால் பாதிப் பேர் பழக்கத்தையே குறைத்துக்கொள்வார்கள், விற்பனை படுத்துவிடும் என்ற பயமாம்.

கலைச்செல்வனுக்கு அவமானமாக இருந்தது. அந்தச் சென்னைக்காரன் நம் வாயில் தன் பேச்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அதை நாமும் உரிமை என்று தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார்.

மறுநாள் காலை எடைமேடைக்குப் போய்ப் பூங்குழலியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஆனால் அறையை மூடினால் ஆட்கள் தன்னைத்தான் திட்டுவார்கள், அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

"அந்தப் பத்து நிமிஷம் எனக்கு எட்டு வருஷமா கிடைச்சதே இல்லண்ணே" என்றாள் அவள். "நான்தான் பீடி குடிக்கிறது இல்லையே. குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான் இங்க ஓய்வு."

அவர் நேராகச் சங்க ஆபீசுக்குப் போய்க் கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினார்.

சங்கக் கூட்டத்தில் அவர் மனுவைத் தூக்கிக் காட்டி, அந்த மூன்றாம் பக்கத்தை உரக்கப் படித்தார். சிரிப்பு எழுந்து அடங்கிய பிறகு, நமக்கு வேண்டியது சிகரெட்டா, ஓய்வா என்று கேட்டார். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள். ஒருவர் வெளியேறினார். கடைசியில் சங்கம் தானே ஒரு கடிதம் எழுதியது. ஓய்வறையை மூடலாம், பதிலுக்குக் காலையிலும் பிற்பகலிலும் புகைப்பவர், புகைக்காதவர் எல்லாருக்கும் பத்து நிமிட ஓய்வு வேண்டும், பழக்கத்தை விட நினைப்பவர்களுக்காக வாரம் ஒருநாள் டாக்டர் வர வேண்டும், பிடிபட்டவுடன் சஸ்பெண்டு செய்யக் கூடாது. ஹாதி அளந்த எண்களைக் கடிதத்தோடு இணைத்தார்கள்.

மேலாளர் மூன்று சுற்றுப் பேச்சுக்குப் பிறகு இறங்கி வந்தார். பிற்பகல் ஓய்வு ஐந்து நிமிடம்தான் என்றார். அதற்குச் சங்கம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சு நடக்கிறது. மற்றவை கிடைத்துவிட்டன. சென்னைக்காரர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போக வந்தபோது, கலைச்செல்வன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவருடைய மனுவையும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். ஷூ கம்பெனி என்று வருகிற இடத்தைத் திருத்திவிட்டு வேறு எங்காவது கொடுங்கள் என்றார். அவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

புது ஓய்வு தொடங்கிய முதல் நாள், காலை பத்து மணிக்கு மணி அடித்ததும் பூங்குழலி தன் அறையைப் பூட்டிவிட்டு, புங்க மரத்தடியில் ஹாதியோடும் மூட்டை கட்டும் பகுதிப் பெண்களோடும் போய் நின்றாள். வெறுமனே நிற்க எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

கலைச்செல்வன் டாக்டரிடம் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ஒன்பதாம் நாள் செந்துறை பஸ் ஸ்டாண்டில் ஒன்று பிடித்துவிட்டார். மறுவாரம் அதை டாக்டரிடம் சொல்லவே தயங்கிக்கொண்டு போனார். பரவாயில்லை, நாளையிலிருந்து மறுபடி எண்ணுங்கள் என்றார் டாக்டர். இன்றைக்கு முப்பத்தாறாவது நாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நிற்காமல் ஏறுகிறார்.