இடது கன்னத்தில் முப்பத்தேழு தொடுகைகள்

பிளம்பர் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஊரில் எத்தனையோ வீடுகளில் சொட்டை நிறுத்தியவர்தான் அவர். ஆனால் சொந்த வீட்டுக் குழாய்க்காக யாரும் அவரைப் போனில் கூப்பிடுவதில்லையே. மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். ஒருமுறை அவள் கேட்டபோது அவர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவே இல்லை.

"எல்லாத்தையும் விவரமா வெப்சைட்ல எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பாரேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

வெப்சைட் என்பது அவருடைய சொந்த இணையதளம். குழாய், தொட்டி, அடைப்பு, கசிவு என்று முப்பது வருட அனுபவத்தையும் அதில் கொட்டி வைத்திருந்தார். எழுத்தும் நன்றாகவே இருக்கும். குறை ஒன்றுதான், யாரும் படிப்பதில்லை. அதற்காக அவர் பிடித்து வைத்திருந்தது வீட்டில் மிச்சமிருந்த ஒரே சின்ன அறையை. மனைவியோ திரைச்சீலை தைப்பவள். சாப்பாட்டு மேசையில்தான் அவள் தையல் இயந்திரம். மூன்று வேளையும் துணியைச் சுருட்ட வேண்டும், மூன்று வேளையும் விரிக்க வேண்டும். ஒருநாள் அவர் தட்டில் குண்டூசி வந்த பிறகு பேச்சு முற்றிவிட்டது.

"மூணு மாசம் தரேன்," என்றாள் மனைவி. "யாராவது ஒருத்தர் நீங்க எழுதினதைப் படிச்சு ஒரே ஒரு குழாயைச் சரி பண்ணினேன்னு சொல்லட்டும். அந்த ரூம் பக்கமே நான் வரமாட்டேன். இல்லன்னா கம்ப்யூட்டர் வெளிய, மிஷின் உள்ள."

அவள் பேச்சு என்றால் பேச்சுதான். தன் இடுப்பளவைக்கூட அரை அங்குலம் குறைத்துச் சொல்லாதவள். பிளம்பர் ஒப்புக்கொண்டார். மறுநாளே அவள் டேப்பை எடுத்துவந்து அந்த அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்து சுவரில் பென்சிலால் குறித்துவிட்டுப் போனாள்.

ஆபத்துக்கு உதவ வந்தவன் மச்சினன். மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்திருப்பவன். இணையத்தில் இந்த வாரம் எது ஓடுகிறது, போன வாரம் எது ஓடி நின்றது என்றெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் முதலில் வருகையாளர் கணக்கைப் பார்த்தான். அந்த வாரம் அறுபத்தொரு பேர். பிளம்பருக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு அவன் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டி, அவரே தன் தளத்தைத் திறந்து பார்த்த தடவைகளை மட்டும் கழித்தான். மிச்சம் இரண்டு பேர். அந்த இரண்டில் ஒருவன் தான்தான் என்றும் இன்னொன்று தேடுபொறி அனுப்பும் இயந்திரம் என்றும் அவன் சொன்னபோது பிளம்பர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

"கவலைப்படாதீங்க மாமா. சரக்கு நல்ல சரக்கு. கடையத்தான் மாத்தணும்."

மாற்றினான். பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது என்று மதிப்பெண் போடும் கருவி, கருப்புப் பின்னணி, கேள்வி கேட்டால் தானாகப் பதில் சொல்லும் அரட்டைப் பெட்டி என்று வாரத்துக்கு ஒன்றாக வந்து இறங்கின. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு, "புதிய பதிவுகளைப் பெற உங்கள் மின்னஞ்சலைத் தாருங்கள்" என்று கேட்கும் பெட்டி ஒன்றும் வந்தது. வேண்டாதவர்கள் மூடிக்கொள்ள அதன் மூலையில் ஒரு பெருக்கல் குறி. தளத்தின் சொந்தக்காரராக உள்ளே நுழைபவர் கண்ணுக்கு அந்தப் பெட்டி வராது, அவருக்கு எதற்குத் தொந்தரவு என்று மச்சினனே சொன்னான். கடைசியாக, படிப்பவர்களுக்கு ஒரு முகம் வேண்டும் என்று பிளம்பர் கையில் ஸ்பேனருடன் நிற்கும் படத்தைத் திரையின் மேல் வலது மூலையில் ஒட்டினான். பக்கத்தை எப்படி நகர்த்தினாலும் படம் மட்டும் நகராமல் அங்கேயே நிற்கும்.

இத்தனை ஜோடனைக்கும் பலன் இல்லாமல் இல்லை. மூன்றாம் மாதத்தின் நடுவில் ஒரு வாசகர் வந்தார். ஒரே ஒருவர்தான். ஆனால் தினமும் காலை பதினொரு மணிக்கு வந்து, 'சொட்டும் குழாயை நீங்களே நிறுத்தலாம்' என்ற பக்கத்தில் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார். அதைவிட அதிசயம், மச்சினன் போட்டிருந்த வெப்பப் படத்தில் தெரிந்தது. வருகிறவர் விரல் திரையில் எங்கே அதிகம் படுகிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும் கருவி அது. பக்கம் முழுக்க வெளுத்துக் கிடக்க, பிளம்பரின் படத்தில், சரியாக இடது கன்னத்தில், செக்கச் சிவந்த ஒரு வட்டம் இருந்தது. அன்று மட்டும் முப்பத்தேழு தொடுகைகள்.

பிளம்பர் அறைக் கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அந்தக் கன்னத்தை யாரும் அப்படிக் கவனித்ததில்லை. சபலம் என்று சொல்லிவிட முடியாது. தன் எழுத்தில் மயங்கிய ஒரு ஜீவன் என்றே அவர் அதை எடுத்துக்கொண்டார். மச்சினனிடம் சொல்லிப் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினார். மறுநாள் எண்பது தொடுகைகள். அதற்குமேல் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் படம் எடுக்க வேண்டும் என்று நல்ல சட்டை ஒன்றை எடுத்து, இஸ்திரி போட்டுத் தரச் சொல்லி மனைவியிடமே நீட்டினார். அவள் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தக் குழாயை எப்போது பார்ப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

கெடு முடியும் நாளும் வந்தது. வாசகர் தினமும் வருகிறாரே தவிர, குழாய் சரியாகிவிட்டது என்று ஒரு வரி எழுதவில்லை. வந்திருந்த நான்கு பின்னூட்டங்களும் குளிர்கண்ணாடி விற்கும் இயந்திரங்கள் போட்டவை. மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிளம்பர் கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு நேராக அறைக்குள் போனார். அன்றைய கணக்கில் வழக்கமான வாசகர் ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்திருந்தார். கன்னத்தில் நூற்றுப் பதினான்கு தொடுகைகள். அதோடு அரட்டைப் பெட்டியில் முதல் முறையாக ஒரு செய்தியும் இருந்தது.

"முதல்ல என்ன செய்யணும்னு தெரியல. கழட்டிட்டேன். தண்ணி மேல பீச்சியடிக்குது."

கீழே அரட்டைப் பெட்டி தானாகவே பதில் சொல்லியிருந்தது: "உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியம். இரண்டு வேலை நாட்களுக்குள் தொடர்புகொள்வோம்."

பிளம்பர் நாற்காலியில் நிமிர்ந்தார். அந்தப் பக்கத்தின் முதல் வரியிலேயே, 'முதலில் மெயின் வால்வை மூடுங்கள்' என்று எழுதியிருக்கிறாரே. எழுதியதைப் படிக்காமலா அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார் ஒருவர்? மச்சினனைக் கூப்பிட்டு, அவன் கடையில் இருக்கும் புதுப் போன் ஒன்றில் யாரோ ஒரு அந்நியனைப் போலத் தளத்தைத் திறந்து பார்க்கச் சொன்னார். அவன் திறந்து பார்த்தான்.

"மாமா, மெயில் கேக்கற பெட்டி மேல் பாதியை மறைக்குது. கீழ இருக்கறதை நகர்த்தி நகர்த்திப் படிச்சுடலாம். உச்சியில இருக்கற முதல் வரி மட்டும் வெளிய வரவே வராது."

"மூடிட்டுப் படிக்க வேண்டியதுதானே?"

"மூடற குறி உங்க படத்துக்கு அடியில மாட்டிக்கிச்சு, மாமா. உங்க இடது கன்னம் இருக்கற இடம்."

பிளம்பர் போனைக் கீழே வைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். முகத்தில் அசடு வழிந்தாலும் பார்க்க அங்கே யாரும் இல்லை. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிதாக ஒன்று அவரைப் பிடுங்கித் தின்றது. எங்கோ ஒரு வீட்டில், தன்னை நம்பி ஸ்பேனரைக் கையில் எடுத்த ஒரு மனிதர், தன் கன்னத்தைக் குத்திக் குத்தி உதவி கேட்டுவிட்டு, நனைந்துகொண்டு நிற்கிறார். அரட்டைப் பெட்டி, மின்னஞ்சல் பெட்டி, வெப்பப் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார். கடைசியாகத் தன் படத்தையும் எடுத்தார்.

அப்போதுதான் வீட்டின் அமைதி அவர் காதில் விழுந்தது. ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொட்டுச் சத்தம் இல்லை.

சமையலறைக்குப் போனார். தரை துடைத்து ஈரம் காயாமல் இருந்தது. கூரையில்கூட ஒரு ஈரத் திட்டு. குழாய் கல் போல வாயை மூடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய பழைய ஸ்பேனரும் தேய்ந்த வாஷர் ஒன்றும் இருந்தன. பின்கட்டில் மனைவி ஈரத் தலையோடு நின்று, நனைந்துபோன திரைச்சீலைத் துணியைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் வந்து நின்றதை அவள் பார்த்தாள். கடைசித் துணியையும் போட்டு, கிளிப் மாட்டிவிட்டுத்தான் திரும்பினாள்.

"நின்னுடுச்சு," என்றாள். "நீங்க எழுதினதைத் தினமும் போன்ல படிச்சுத்தான் செஞ்சேன். வாஷர் எந்தப் பக்கம் பார்க்கணும்ங்கறது வரைக்கும் தெளிவா இருந்துச்சு. ரூம் உங்களுக்குத்தான்."

அவள் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அளவு எடுத்தவள் அளவைச் சொல்வது மாதிரி உள்ளதைச் சொன்னாள். சொல்லாமலே விட்டிருந்தால் அந்த அறை இன்றே அவளுடையது. இதற்காகத்தான் பிளம்பர் மூன்று மாதம் தவம் கிடந்தார். வந்த வெற்றி ருசிக்கவில்லை.

முதலில் மெயின் வால்வை மூடியிருக்க வேண்டும் என்று முனகினார். பெட்டி மறைத்துவிட்டது, தன் தப்புதான் என்றார்.

"படிச்சிருந்தாலும் மூடியிருக்க முடியாது," என்றாள் அவள். "அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதே. பதினெட்டு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். நீங்க காட்டினதில்ல. வாளிய அடியில பிடிச்சுக்கிட்டுத்தான் மாட்டினேன்."

அவர் அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு அடியில் அழைத்துப்போய், பழைய பெயின்ட் டப்பாக்களை நகர்த்தி, வால்வைக் காட்டினார். அவளையே ஒரு தடவை மூட வைத்து, திறக்க வைத்தார். பிறகு அறைக்குப் போய்க் கணினியின் வயர்களைக் கழற்றினார். சாயங்காலத்துக்குள் தையல் இயந்திரம் சுவரில் இருந்த பென்சில் கோடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தது நீங்கள்தானே என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ஜெயித்தவன் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொள்கிறான் என்றார் அவர்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கணினியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார். வால்வு வீட்டில் எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று ஒரு பத்தி முழுக்க எழுதினார். தன் படம் இருந்த மூலையில் வால்வின் படத்தைப் போட்டார். அறைக்குள்ளிருந்து தையல் இயந்திரத்தின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது, சற்று நின்றது, பிறகு மறுபடி ஓடியது. திரையில் புதிதாக ஒரு பின்னூட்டம் வந்து விழுந்தது. குளிர்கண்ணாடி விற்பவர்கள் அல்ல.

"சமையலறைக் குழாய் நின்றுவிட்டது. நன்றி. குளியலறையில் இன்னொன்று சொட்டுகிறது. அதை எழுத வேண்டாம், எழுந்து வரவும்."

பிளம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.