மூடி திறந்திருந்தது

“இதுல சாவு இல்ல, குடி இல்ல, ஜெயில் இல்ல. சபையில கொட்டாவி விடுவாங்க பிரதர்” என்று சொல்லிவிட்டு மேசை மேலிருந்த மணியைத் தட்டினார் பாஸ்டர். மணி அடித்துவிட்டால் பேச்சை நிறுத்திவிட வேண்டும், வார்த்தை பாதியில் தொங்கினாலும் சரி. அது சாட்சி வகுப்பின் சட்டம். நடுவரிசையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் கணவன் திறந்த வாயோடு மேடையில் நின்றான். ‘ஆண்டவர் என்னை’ என்பது வரை சொல்லியிருந்தான். ஆண்டவர் அவனை என்ன செய்தார் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாமலே போயிற்று.

வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களைப் பழக்கி எடுக்கும் இடம் அது. விடிவதற்கு முன் ஜெபம். பிறகு நாக்கைச் சுளுக்க வைக்கும் அந்நிய மொழி. குளிக்கவும் துவைக்கவும் சேர்த்து ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், ஏனென்றால் போகிற இடத்தில் அதுவும் கிடைக்காதாம். மத்தியானம் உப்பில்லாமல் வேகவைத்த கிழங்கை முகம் சுளிக்காமல் விழுங்க வேண்டும். முகம் சுளித்தவருக்கு இன்னொரு துண்டு. இதையெல்லாம் எல்லோரும் தாங்கிக்கொண்டார்கள். சாயங்காலத்துச் சாட்சி வகுப்புதான் ஆளை உலுக்கியது. பயிற்சி முடிந்ததும் ஒவ்வொரு தம்பதியும் ஊர் ஊராகச் சபைகளுக்குப் போய், ஆண்டவர் தங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் மனம் கரைந்து ‘இவர்களை நாங்கள் தாங்குகிறோம்’ என்று ஏற்றுக்கொண்டால்தான் பயணம். கரையாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

அதனால் அங்கே துன்பத்துக்கு ஏக மரியாதை. ஜெயிலிலிருந்து திருந்தி வந்தவர் சாப்பாட்டு அறையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். ஒழுங்காக வளர்ந்து, ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர் பக்கத்தில் தட்டை வைக்கக் கூசினார்கள். கொஞ்ச நாளாவது குடித்துத் தொலைத்திருக்கலாமே என்று உள்ளுக்குள் வருந்தியவர்களும் உண்டு. பாஸ்டர் ஒரு காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். யார் மேலும் அவருக்குக் கோபம் கிடையாது. கதை நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் நர்ஸ். கடலுக்கு அப்பால் இருக்கும் மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் தேவைப்பட்டது. அவன் பம்ப் மெக்கானிக். அங்கே ஜெனரேட்டரையும் தண்ணீர்க் குழாயையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். விண்ணப்பம் போட்டது அவள்தான். அவனுக்கு ஊழியத்தில் ஆசை இருந்ததோ என்னவோ, அவளுக்கு மாமியார் வீட்டை விட்டு எங்கேயாவது போய்விட்டால் போதும் என்றிருந்தது.

“உங்களுக்கு ஒரு பிள்ளை தவறினதா கேள்விப்பட்டேன்” என்றார் பாஸ்டர், மணியடித்த பிறகும் மேடையிலேயே நின்ற அவனிடம். “அதை ஏன் சொல்றதில்ல?”

அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“யோசிங்க பிரதர். ஆண்டவர் எதையும் வீணா தர்றதில்ல.”

அவன் யோசித்தான். அடுத்த வாரம் மறுபடி மேடை ஏறினான். அவள் நடுவரிசையில், துவைக்க வைத்திருந்த துணிகளை மனதில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம்” என்று தொடங்கினான் அவன். “எங்க பாப்பா அப்பத்தான் நடக்கப் பழகியிருந்தா. நான் கடைக்குப் போயிருந்தேன். இவ வீட்ல இருந்தா. நைட் டியூட்டி முடிச்சு வந்தவ, தூங்கிட்டா. எங்க முற்றத்துல தரையோட தரையா ஒரு தண்ணித் தொட்டி. மூடி திறந்திருந்துச்சு.”

கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

“என்னால இவளை மன்னிக்க முடியல. மூஞ்சியைப் பார்க்க முடியல. அப்புறம் ஒரு நாள் ஜெபத்துல ஆண்டவர் என்கூடப் பேசினாரு. எழுந்து போய் இவ தோள்ல கை வச்சேன். உன்னை மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்.”

மணி அடிக்கவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. பார்த்தவர்கள் கண்ணில் இரக்கம் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அது மாமியார் கண்ணில் அவள் பழகிய ஒன்றுதான்.

அவன் சொன்னதில் பொய் என்று எடுத்துக்காட்ட, அந்த ஜெபத்தைத் தவிர, ஒன்றுமில்லை. அவள் தூங்கியது உண்மை. அவன் கடைக்குப் போனது உண்மை. மூடி திறந்திருந்ததும் உண்மை. ஆனால் அது தானாகத் திறந்துகொள்ளவில்லை. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று அதைத் திறந்தவன் அவன். ‘நீ படு, பாப்பாவை நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லி அறைக் கதவைச் சாத்தியவனும் அவன். வாஷர் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அப்படியே போட்டது போட்டபடி புதிது வாங்கப் போனான். கடையில் பழைய சிநேகிதன் ஒருவனைப் பார்த்துப் பேசிக்கொண்டு நின்றுவிட்டான்.

அடக்கம் முடிந்த அன்று வீட்டுக்குப் பின்னால் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். ‘நான் திறந்தேன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் செத்துருவேன்’ என்றான். ஒன்றை மண்ணில் வைத்தாயிற்று, இன்னொன்றையும் வைக்க அவளுக்குத் தெம்பில்லை. மாமியார் வந்து, தொட்டியை எவ திறந்தது என்று கேட்டபோது, “தண்ணி மொள்ளத் திறந்தேன் அத்தை, மறந்துட்டேன்” என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குப் பேர் பிள்ளையைத் தின்னவ. சோறு போடும்போது, துணி காயப்போடும்போது, விருந்தாளி வந்தபோது, மாமியார் வாயில் அதுதான். அவன் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவான். அவள் வேலைக்குப் போக அந்த மூடியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாளும் அதை மிதித்ததில்லை.

அவனுக்கும் ஒரு வியாதி ஒட்டிக்கொண்டது. திறந்து கிடக்கிற எதையும் பார்க்கச் சகிக்காது. பயிற்சி நிலையத்துச் சமையலறைக்குள் நுழைந்தால் சட்டி, டப்பா, குடம் எல்லாவற்றையும் மூடிக்கொண்டே போவான். கூடப் படிக்கிறவர்கள் ‘மூடி பிரதர்’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். இத்தனை வருஷமும் அந்த வியாதியைப் பார்த்துத்தான் அவள் அவனை விட்டுவைத்திருந்தாள். வாய் சொல்லாததைக் கை சொல்கிறது என்று நினைத்திருந்தாள்.

அறைக்கு வந்ததும் கேட்டாள். “என்னை எப்போ மன்னிச்சீங்க?”

“கதைக்கு ஒரு முடிவு வேணும்ல” என்றான். சட்டையை மடித்துக்கொண்டிருந்தான்.

“மூடியைத் திறந்தது யாரு?”

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. “நீதானே எல்லார்கிட்டயும் நான்தான் திறந்தேன்னு சொன்ன. உன்னை அப்படிச் சொல்லச் சொன்னேனா? என்னைச் சொல்லாதன்னுதான் சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நியாயமான பேச்சு. கணக்காகத்தான் பேசுகிறான்.

“போகணும் போகணும்னு துடிச்சது நீ” என்றான், குரலைத் தாழ்த்தி. “வேணாம்னா சொல்லு. பெட்டியைக் கட்டிக்கிட்டு அம்மாகிட்டயே போயிடலாம்.”

அவன் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியை இன்னும் ஒரு சுற்றுத் திருகி வைத்தான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு துணி துவைக்கப் போனாள். எந்தத் துணியும் அன்றைக்குப் போல அடி வாங்கியிருக்காது.

பாஸ்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு சாட்சி அவர் கையில் சிக்கியதே இல்லையாம். அவளையும் மேடையில் ஏற்றி, அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பாப்பாவின் படத்தை வாங்கித் திரை அளவுக்குப் பெரிதாக்கினார். கன்னத்தில் மைப் பொட்டோடு, ஆள் உயரத்துக்கு அவர்கள் தலைக்கு மேலே பாப்பா சிரித்தாள். அவ்வளவு பெரிதாக அவள் வளரவே இல்லை.

“சிஸ்டர், முன்னாடியே அழுதுடாதீங்க. ‘தூங்கிட்டா’ன்னு பிரதர் சொல்லும்போது தலை குனிங்க, அது போதும். பிரதர், ‘மூடி திறந்திருந்துச்சு’ன்னதும் மூச்சு விடாம நில்லுங்க. அவசரப்படாதீங்க. அவங்களே எட்டிப் பார்க்கட்டும்.”

அவள் தலை குனிந்தாள். மறுபடி குனிந்தாள். இன்னும் கொஞ்சம் தாழ என்றார், தாழக் குனிந்தாள். ஒரு சாயங்காலம் அவன் மூடி என்ற வார்த்தையை விழுங்கிவிட்டபோது, “சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று திருத்தியது தன் குரல்தான் என்று தெரிந்து அவளுக்கே பயமாக இருந்தது.

“உங்க வீட்டுக்காரர் மாதிரி மனசு யாருக்குங்க வரும்?” என்றாள் கிழங்கு உரிக்கும்போது பக்கத்து அறை டீச்சர். நல்ல பெண், எறும்புக்கும் வழிவிடுகிறவள். “வேற ஆளா இருந்தா அன்னிக்கே துரத்தி விட்டிருப்பான். தினமும் அவர் காலைக் கழுவி விடலாம் நீங்க.”

“கழுவிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் அவள்.

தேர்வு நாளன்று, யாரைச் சபைகளுக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்யும் குழு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. நடுவில் தலைவர், தலை நரைத்த, காது கொஞ்சம் மந்தமான மனிதர். அவர் சரி என்றால் பயணம், இல்லை என்றால் மாமியார் வீட்டு முற்றம். திரையில் பாப்பா வந்தாள். அவன் தொடங்கினான். இப்போது அவனுக்கு எல்லாம் கைவந்துவிட்டிருந்தது. தூங்கிட்டா என்றான், அவள் குனிந்தாள். மூடி திறந்திருந்துச்சு என்று நிறுத்தினான். முன்வரிசை எட்டிப் பார்த்தது. மன்னிச்சுட்டேன் என்ற இடத்தில் அவன் கை அவள் தோளில் வந்து இறங்கியது. வெதுவெதுப்பான, நடுக்கமே இல்லாத கை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒத்திகையில் முதல் முறை நடுங்கியது, அடுத்த முறையும் நடுங்கியது. இன்றைக்கு அந்தக் கை நிஜமாகவே மன்னித்துக்கொண்டிருந்தது. அவன் தன் கதையை நம்பத் தொடங்கிவிட்டான்.

இனி அவளுடைய வரி. “இவர் என்னை மன்னிச்சதுல நான் ஆண்டவரைப் பார்த்தேன்” என்று சொல்ல வேண்டும். சொன்னாள். சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியவள், எழுந்தாள். அவன் கை நழுவி விழுந்தது. அவள் தன் கையை அவன் தோளில் வைத்தாள்.

“இன்னொண்ணு சொல்லணும். நானும் இவரை மன்னிச்சுட்டேன்.”

பின்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே அவன் தோள் மரக்கட்டையானது.

தலைவர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு கேட்டார், “நீங்க எதுக்கும்மா அவரை மன்னிக்கணும்?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவ்வளவு சாந்தமாக அவள் அவனிடம் பேசி வருஷங்களாகியிருக்கும்.

“நீங்களே சொல்லுங்க.”

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. தலைவர் காத்திருந்தார்; திரையில் பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் வயிறு நிறையச் சந்தோஷமாக இருந்தது. அவன் சொல்லிவிடட்டும். சொல்லிவிட்டால் பயணமும் போகும், வீடும் போகும். போனால் போகட்டும், சொல்லட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

மணி அடித்தது. நேரம் முடிந்துவிட்டது என்றார் பாஸ்டர். அவன் காற்றுப் போன பலூனாக நாற்காலியில் சரிந்தான்.

அன்று சாயங்காலமே அவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். பயணத்துக்கு முன் எத்தனை சபைகளுக்குப் போக முடியுமோ அத்தனைக்கும் போக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயும் சாட்சி சொல்லாமல் விடமாட்டார்கள். மறுநாள் பாஸ்டர் அவர்கள் இருவரையும் ஒத்திகைக்குக் கூப்பிட்டார். முகம் பூரித்துக் கிடந்தது.

“நேத்து மணி அடிச்சது என் தப்பு சிஸ்டர். ராத்திரி பூரா அதே யோசனை. ‘நீங்களே சொல்லுங்க’ன்னு கேட்டீங்களே, பிரதர் வாயே திறக்க முடியாம நின்னாரே, அதுதான் சாட்சி. துக்கத்துல, கட்டின பொண்டாட்டியை நாலு வார்த்தை ஏசியிருப்பாரு, எந்த வீட்லதான் இல்ல? சபை தானா புரிஞ்சுக்கும். எல்லா இடத்துலயும் இதையே செய்ங்க.”

“பாஸ்டர், அந்தக் கடைசி வரி வேணாமே” என்றான் அவன்.

“அதுதான் பிரதர் முக்கியம். அது இல்லாம பயணமே இல்ல.” அவர் மணியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். “இனி உங்களுக்கு மணி கிடையாது. எவ்வளவு நேரமானாலும் நில்லுங்க. எங்க, அந்த இடத்துலேர்ந்து.”

விளக்கை அணைத்தார்கள். திரையில் பாப்பா வந்தாள். அவள் எழுந்து, சொல்லிக்கொடுத்த இடத்தில் நின்று, அவன் தோளில் கையை வைத்தாள்.

“நீங்களே சொல்லுங்க.”

பாஸ்டர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படவில்லை. அவன் தலையைக் குனிந்து நின்றான்; இன்னும் கொஞ்சம் தாழ, என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. அவன் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஏற்கெனவே இறுக மூடியிருந்த அதன் மூடியை அவன் விரல்கள் இன்னும் திருகிக்கொண்டே இருந்தன.