கல்லில் போன பல்

குப்பையில் செய்ததைக் கல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பத்திரண்டு வருஷம் கொத்து வேலை பார்த்தவன் நான். மண்ணைச் சுட்டால் செங்கல், மலையை உடைத்தால் கருங்கல். பால் கவரையும் உடைந்த வாளியையும் உருக்கி மணலோடு கலந்து அச்சில் அழுத்தினால் அது சதுரமான குப்பை, அவ்வளவுதான். இதை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் அதற்கும் சிரித்தார். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷனை நான் நம்புவதில்லை.

மாப்பிள்ளையின் கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, பிளாஸ்டிக்கை அரைக்க ஒரு மெஷின், உருக்க ஒரு டிரம், அழுத்த ஒரு மெஷின், ஆறு ஆட்கள். தரையில் பதிக்கிற கல் செய்கிறார்கள். மிஞ்சியதில் சோப்புப் பெட்டி, துணிக் கிளிப், சீப்பு. சீப்பு எப்படி என்று தலையில் முடி இருக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கம்பெனி தொடங்கிய புதிதில் மாப்பிள்ளை, மகள், இரட்டைப் பேத்திகள் நான்கு பேரும் ஏழு மாதம் என் வீட்டில்தான் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரே குளியலறை. மாப்பிள்ளை குளியலறைக்குள் போனால் பாட ஆரம்பித்துவிடுவார். பல்லவி, சரணம் எல்லாம் முடித்துத்தான் கதவைத் திறப்பார். எழுபத்தொரு வயதில் மனுஷனால் சரணம் வரைக்கும் அடக்க முடியாது.

ஆகையால் போன மாதம் மகள் வந்து சொன்னதைக் கேட்டதும் என் கண் குளியலறைக் கதவுக்குத்தான் போனது.

"இந்தக் காண்ட்ராக்டர் ஆர்டர் குடுக்கலேன்னா கொட்டகையை மூட வேண்டியதுதான்ப்பா. மறுபடியும் உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

"நான் என்னம்மா செய்யணும்?"

"சும்மா வந்து நில்லுங்க. அவரு உங்களோட வேலை பாத்தவராமே. நீங்க நின்னா நம்புவாரு. வாயை மட்டும் தெறக்காதீங்க."

வேலை பார்த்தவன்தான். பதினைந்து வருஷம் ஒரே சாரத்தில் நின்றோம். பூரான் என்று கூப்பிடுவோம். எந்தச் சந்தில் குற்றம் இருந்தாலும் நுழைந்து கண்டுபிடித்துவிடுவான். என்னைவிட அதிகமாகச் சந்தேகப்படுகிற ஆள் எனக்குத் தெரிந்து அவன் ஒருவன்தான்.

மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். நான் பதினொரு மணிக்கே போய் டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். டிரம்மைப் பார்த்துக்கொள்கிறவள் ஒரு பெண். பிளாஸ்டிக் துண்டைக் கொளுத்தி முகர்ந்தே அது எந்த ரகம் என்று சொல்லிவிடுவாள். அதனால் அவளுக்கு மோப்பம் என்று பெயர்.

"என்ன மேஸ்திரி, வேவு பாக்க வந்தீங்களா?"

"ஆமா."

"பாருங்க. பாக்கறதுக்குக் கூலி கெடையாது."

மதியம் சாப்பிட்டதும் மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றி வைப்பது என் வழக்கம். அசல் பீங்கான் பல். பிளாஸ்டிக் பல் போதும் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். குப்பையை வாயில் வைக்கச் சொல்கிறாயா என்று சண்டை போட்டுப் பீங்கானில் வாங்கினேன். சட்டைப் பையை நான் நம்புவதில்லை, குனிந்தால் விழும். மேஜை டிராயரை நம்புவதில்லை, எவனாவது திறப்பான். ஆகவே ஒரு கவரில் சுற்றி, கண்ணுக்கு எதிரே பிளாஸ்டிக் தூள் பரப்பியிருந்த தட்டில் ஓரமாக வைத்தேன். கண்ணுக்கு எதிரே இருக்கிற பொருள் தொலையாது. ஆனால் கண் திறந்திருக்க வேண்டும்.

விழித்தபோது தட்டு காலியாக இருந்தது.

"இந்தத் தட்டுல இருந்தது எங்க?" என்றேன். பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது.

"அரைச்ச தூள்தானே, டிரம்ல கொட்டிட்டேன்."

"ஒரு கவர் இருந்துச்சே."

"கவரும் பிளாஸ்டிக்தானே. அதையும்தான்." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மேஸ்திரி, வாய் ஏன் உள்ள போயிருக்கு?"

டிரம்மில் ஒரு தடவை உருக்கினால் இருபது கல் வரும். அந்த இருபதும் அழுத்தி முடிந்து தண்ணீர்த் தொட்டியில் ஆறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையைக் கூப்பிட்டோம். மூன்று பேரும் தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாகத் திருப்பினோம். பதினேழு பார்த்தாகிவிட்டது. பல்லைக் காணோம்.

"மீன் கெடைச்சுதா?"

பின்னால் பூரான் நின்றுகொண்டிருந்தான். மணி இரண்டே கால். சொன்ன நேரத்துக்குப் போனால் ஒளிக்க வேண்டியதை ஒளித்துவிடுவார்கள் என்பது அவன் எண்ணம். நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அவனை மேஜைப் பக்கம் கூப்பிட்டார். நல்ல கல்லாகப் பொறுக்கித் துணி விரித்து அடுக்கியிருந்தார்.

"எடுத்து வச்சதை நான் பாக்கறதில்ல தம்பி" என்று பூரான் சட்டைக் கையை மடித்துத் தொட்டிக்குள் விட்டான். மிச்சமிருந்த மூன்றில் ஒன்றை எடுத்தான். மோப்பம் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவன் கல்லைத் திருப்பினான். பல் வரிசை அவனைப் பார்த்து இளித்தது. ஈறு கருகிப் போயிருந்தது. பீங்கான் மட்டும் அப்படியே பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை சிரிக்காமல் நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இது என்ன, புது டிசைனா?"

"என் பல்லு" என்றேன்.

பூரான் என் வாயைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான். "ஊரெல்லாம் இதைக் குப்பைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சியே. இப்ப நீயே உள்ள குடி போயிட்டியா?" பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினான். "பல்லே போகுதுன்னா வேற என்னென்ன போகும்? இதை எப்படி நம்பறது?"

"மாமா கொஞ்சம் தூங்கிட்டாரு..."

"தூங்கலை. கண்ணை மூடியிருந்தேன்."

பூரான் வண்டியிலிருந்து கொத்துச் சுத்தியலை எடுத்துவந்தான். கல்லைத் தரையில் வைத்தான். "இந்தா. உடைச்சு உன் பல்லை எடுத்துக்கோ. உடைஞ்சா நான் கெளம்பறேன்."

உடைந்தால் பல் என் வாய்க்கு வரும், மாப்பிள்ளை என் குளியலறைக்கு வருவார். மெதுவாக அடித்து ஒப்பேற்றலாம் என்றால் பூரான் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓங்கி அடிப்பவன் யார், நடிப்பவன் யார் என்று அவனுக்குத் தெரியும். பொய் சொல்வானேன், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பல்லில் படாமல் ஓரத்தில் ஓங்கி ஒன்று போட்டேன். சுத்தியல் எகிறியது. இன்னொன்று போட்டேன். செங்கல்லாக இருந்தால் இரண்டாவது அடிக்குப் பொடியாகியிருக்கும். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குளியலறையையும் மறந்து, பல்லையும் மறந்து, தோள்பட்டை கழன்று போகிற வரைக்கும் அடித்தேன். ஒரு மூலையில் கொஞ்சம் தூள் உதிர்ந்தது. பல் இளித்தபடியே இருந்தது.

பூரான் சுத்தியலைப் பிடுங்கித் தானும் ஆறேழு அடி போட்டுவிட்டு மூச்சு வாங்கினான்.

"நீ வேணும்னே மெதுவா அடிக்கறேன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ அடிச்சதையும் நான் அப்படித்தான் நெனச்சேன்."

"ரெண்டாயிரம் கல் போடுங்க தம்பி" என்று மாப்பிள்ளையிடம் சொன்னான். "ஒவ்வொண்ணையும் திருப்பிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்." வண்டியில் ஏறும்போது என்னிடம், "இனிமே இதைக் கொறை சொல்றப்ப பாத்துச் சொல்லு. உன் பல்லே கட்சி மாறிடுச்சு" என்றான்.

மகள் குடும்பம் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. அந்தக் கல்லை மட்டும் மாப்பிள்ளை கொண்டுவந்து என் குளியலறைச் சுவரில், கண்ணாடிக்குக் கீழே பதித்துவிட்டுப் போனார். புதுப் பல் எதில் செய்யலாம் என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். அதுவரைக்கும் காலையில் பிரஷ்ஷை எடுத்தால் கை தானாகச் சுவர்ப் பக்கம் போகிறது. தேய்த்துவிட்டுத்தான் வருகிறேன். என்ன இருந்தாலும் என் பல்.